500 ஆண்டு நின்ற மரவீட்டை உளுக்க வைப்பது எது?

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள லேவனம் என்னும் சிற்றூர். கம்பளித் துணி வணிகத்தில் கொழித்த காலத்தில் இவ்வூரார் கட்டிய 15, 16ஆம் நூற்றாண்டு மரச்சட்டக வீடுகள் இன்றும் தெருத்தெருவாக நிற்கின்றன. இத்தனை நூற்றாண்டு மழையையும் பனியையும் தாங்கிய அடிமரத்தை, குளிரைத் தடுக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு வேலை, சில பத்தாண்டுகளில் விரல் நகத்தால் கிள்ளியெடுக்கும் அளவுக்கு உளுக்கச் செய்துவிடும். சுவரின் மேல் சிமென்ட் பூசுவதுதான் அந்த வேலை.

முதலில் இந்தச் சுவரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே செதுக்கி, மரமுளை அடித்துச் சட்டகமாகப் பூட்டினார்கள். சட்டங்களுக்கு இடையே ஹேசல் என்னும் புதர்மரத்தின் குச்சிகளைப் பின்னி, வைக்கோலும் சாணமும் சேர்த்துக் குழைத்த களிமண்ணை அப்பி, அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். பச்சை மரம் காயக் காயச் சுருங்குவதால், மரமும் மண்ணும் சேரும் இடத்தில் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்குச் சந்து விழும். காற்று வீசும் நாளில் அந்தச் சந்தருகே ஊதுபத்தியைப் பிடித்தால், புகை நேராக எழாமல் அறைக்குள் சாய்ந்து ஓடுவதைக் காணலாம்.

இப்போது ஈரத்தின் கணக்குக்கு வருவோம். இதில் சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமைக்கூடத் தாங்காது. ஆகவே சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றால் ஈரமேறிய அறைக்காற்று சுவருக்குள் ஊடுருவிக் குளிர்ந்தால், மிஞ்சும் நீர் அங்கேயே படியும். சுண்ணாம்பும் களிமண்ணும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதற்கு இடங்கொடுக்காது. மரம் பருவந்தோறும் அசையும், சிமென்ட் அசையாது என்பதால், இரண்டும் சேரும் கோட்டில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்து, அதன் வழியே புகும் சாரல் திரும்ப வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். பருத்திச் சட்டையின் மேல் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நடப்பவரின் நிலைதான் அந்த மரத்துக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்தால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. பூஞ்சையால் இளகிய ஓக்கைத் தேடி, தலையால் மரத்தைத் தட்டித் துணையை அழைக்கும் டெத்வாட்ச் என்னும் மரந்துளைக்கும் வண்டும் வந்து சேரும்.

அப்படியானால் குளிரில் நடுங்குவதுதான் விதியா? இல்லை. முதலில் கூரை: பரண் தளத்தின்மேல், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் கனிமக் கம்பளி விரிக்கும்போது 270 மில்லிமீட்டர் தடிமன் அங்கு வழக்கம், இறவாரத்துக் காற்றுவழியை மட்டும் அடைத்துவிடக் கூடாது. அடுத்து, சந்துகளை நார் கலந்த சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். பழைய ஈயச்சட்டக் கண்ணாடிகளைக் கழற்றாமல், உட்புறம் இரண்டாம் கண்ணாடி பொருத்தலாம்.

சுவருக்கான மருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹெம்ப் எனப்படும், போதை தராத கஞ்சா வகைச் செடியின் தண்டிலிருந்து நாரை உரித்தபின் எஞ்சும் உள்தக்கையைச் சுண்ணாம்போடு கலந்து இடித்து நிரப்பும் முறை, 1980களில் பிரான்சில், பழைய மரச்சட்டக வீடுகளைச் செப்பனிடும் முயற்சியிலேயே உருவெடுத்தது. இக்கலவை மரத்தின் வளைவு நெளிவுகளோடு இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும், வெப்பத்தைப் பிடித்துவைக்கும், ஈரத்தை வாங்கி வெளியிடும். களிமண் முழுவதும் உதிர்ந்துபோன கட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமானதாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. பழைய களிமண் உறுதியாக நிற்கும் இடத்தில் அதைப் பெயர்க்கவே கூடாது. உட்புறம் 40 முதல் 60 மில்லிமீட்டர் வரையிலான மரநார்ப் பலகையை, பின்னால் வெற்றிடம் இல்லாதபடி களிமண் சாந்தில் பதித்து, மேலே சுண்ணாம்பு பூசினால் போதும். தடிமனைக் கூட்டக் கூட்ட அறையின் சூடு வெளிமரத்தை எட்டாமல், அது மேலும் குளிர்ந்து ஈரமாகவே நிற்கும் என்பதால், பேராசைப்படாமல் இருப்பதே வீட்டுக்கு நல்லது. அறைக்குள் தெரியும் உத்தரங்களைப் பலகையால் மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். தச்சர்கள் பொருத்துமிடம் தெரிவதற்காகச் செதுக்கிய ரோமானிய எண்கள் அந்த மரங்களில்தான் இருக்கின்றன.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள வீடு என்றால், அதன் தன்மையை மாற்றும் வேலையை உள்ளாட்சியின் ஒப்புதலின்றித் தொடங்குவதே குற்றம். உங்களுக்கோ நண்பருக்கோ அங்கே அத்தகைய வீடு இருந்தால், ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், பூச்சுக் கலவையில் சிமென்ட் சேர்ப்பாரா என்று கேளுங்கள். “கொஞ்சம்தான், உறுதிக்காக” என்று பதில் வந்தால், வேறு ஆளைத் தேடுங்கள்.