காந்தாரம் ஏறி நிற்கிறது

அன்பான நேயர்களே, வணக்கம். கிற்றார் வாசிப்பதும் கற்பிப்பதும் என் தொழில். இந்த வழிக்கு எப்படி வந்தீர்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். அதைச் சொல்லப் போனால், ஒரு காந்தாரத்தின், ஸரிகமவில் வரும் 'க' என்ற சுரத்தின், பின்னால் நான் அலைந்த கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1992 இல் எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. பற்றறியும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். குருநகரில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசித்த ஒரு மாஸ்டரிடம் மாமா என்னைக் கொண்டுபோய் விட்டார். முதல் மாதம் அவர் ஒரு பாட்டும் சொல்லித்தரவில்லை. சுருதி கூட்டுவது மட்டும்தான். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடம்தான் கட்டம். ஆறாம் தந்தியை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தி, அந்த ஒலிக்கு ஐந்தாம் தந்தியைச் சேர்க்க வேண்டும். இப்படியே கீழே வர வேண்டும். மூன்றாம் தந்திக்கு மட்டும் நான்காம் கட்டம். சேராத இரண்டு ஒலிகள் உரசும்போது ஒரு நடுக்கம் கேட்கும். அது அடங்கும்வரை மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும், இன்னும்" என்பார்.

தந்தி அறுந்தால் புதிது வாங்க வழியில்லை. பிறேக் கம்பியைப் பிரித்து, ஓர் இழையை எடுத்து, பழைய தந்தியின் பித்தளைக் குமிழில் முடிந்து மாட்டுவோம். விரல் நுனி வெடித்து இரத்தம் வரும். ஆனாலும் அது ஒலித்தது.

எங்கள் வீடு கொக்குவிலில். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டு ரீச்சர், மருதனார்மடத்தில் இசை படித்தவர். ஒரு மாலை கிடுகு வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்: "தம்பி, காந்தாரம் ஏறி நிற்கிறது. கொஞ்சம் இறக்கிப் பாரும்." இறக்கினேன். ஒன்று சரிவர இன்னொன்று கெட்டது. என் காதில்தான் பிழை என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு பத்து வருடம் வாசித்தேன். 1995 ஒக்டோபரில் ஊரே தென்மராட்சிக்கு நடந்தபோது கிற்றாரைச் சாக்கில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு போனதும் அதே நம்பிக்கையோடுதான்.

2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. கொழும்புக்குப் போனேன். பகலில் சாஸ்திரிய கிற்றார் படிப்பு, மாலையில் திருமண மண்டபங்களில் வாசிப்பு. நைலோன் தந்தியை முதன்முதல் தொட்டதும், ஸ்பெயின் நாட்டுத் தாரேகாவின் இசையை ஏட்டைப் பார்த்து வாசிக்கக் கற்றதும் அங்கேதான். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் 8 ஆம் தரம் வரை தேர்வெழுதினேன்.

அங்கே என் ஆசிரியர் ஒருநாள் அளவு நாடாவை எடுத்துத் தந்தியின் மேல் வைத்தார். சாஸ்திரிய கிற்றாரில் தந்தியின் நீளம் வழக்கமாக 650 மில்லிமீற்றர். முதற்கட்டம் 36.5 மில்லிமீற்றர், அடுத்தது 34.4. ஒரே விகிதத்தில் குறுகிக்கொண்டே போய், பன்னிரண்டாம் கட்டம் முடியும் இடத்தில் தந்தியின் சரிபாதி, 325. ஒரு சட்சத்திலிருந்து, அதாவது 'ஸ'விலிருந்து, அடுத்த மேல் சட்சம் வரையுள்ள ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக, பன்னிரண்டு அரைச்சுரமாக, வெட்டிய கணக்கு இது. எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் வாசிக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதற்குக் கொடுத்த விலை, தம்பூராவில் தானாக எழும் அந்த அந்தர காந்தாரம், காந்தாரத்தின் உயர்ந்த வகை. கிற்றாரின் காந்தாரம் அதைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கிறது. வீணையில் சுரத்தைப் பிரிக்கும் கம்பிகளான மெட்டுக்கள் மெழுகில் பதிந்தவை. மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிற்றாரில் அவை மரத்தில் அறைந்த உலோகம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாலும் சுரம் ஏறுமே தவிர இறங்காது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரீச்சரின் காதும் சரி, என் காதும் சரி. ஊருக்குத் திரும்பியதும் முதலில் அவரைத் தேடிப்போய் இதைத்தான் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் அதை வைத்து எப்படித் தம்பி வாசிக்கிறீர்?" என்று கேட்டார். கவலையோடு கேட்டார்.

மேடையில் வாசிக்கிறவர்கள் இதற்குச் சின்ன வழிகள் வைத்திருக்கிறார்கள். மேற்கத்தேய முறையில் ஜி என்று பெயர் கொண்ட சுரத்தை ஆதார சட்சமாக வைத்து வாசிக்கும்போது, திறந்த இரண்டாம் தந்தியே அந்தர காந்தாரம். அதை ஒரு மயிரிழை தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஈ என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்டால் அதே தந்தி பஞ்சமமாகிவிடும், அதாவது 'ப'. தளர்ந்த பஞ்சமத்தை எந்தக் காதும் பொறுக்காது. பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் தொட வேண்டியிருக்கிறது. புதிய நைலோன் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் கச்சேரிக்கு முதல்நாள் தந்தி மாற்றுவதில்லை.

இப்போது நல்லூரில் கற்பிக்கிறேன். பெற்றோர் பலர் மூன்றாம் மாதமே பிள்ளை மேடையேற வேண்டும் என்கிறார்கள். நான் இன்னும் முதல் மாதம் சுருதிதான் கூட்ட வைக்கிறேன். கைத்தொலைபேசியின் சுருதிச் செயலியை வகுப்பில் அனுமதிப்பதில்லை. அதன் முள் நடுவில் நின்றதும் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறது.

சென்ற மாதம், வாய்ப்பாட்டும் படிக்கிற ஒரு மாணவி இரண்டாம் வகுப்பிலேயே சொன்னாள்: "சேர், காந்தாரம் ஏறிக் கிடக்கிறது." நான் ஒன்றும் விளக்கவில்லை. முறுக்காணியை அவள் கையில் கொடுத்தேன். மெல்லத் தளர்த்தினாள், முகம் மலர்ந்தது. இனி ஈயில் வாசியும் என்றேன். வாசித்ததும் முகம் சுருங்கியது. திரும்பவும் முறுக்காணியில் கை வைத்தாள்.

கிற்றார் இதோ மடியில் இருக்கிறது. முதலில் ஜி, பிறகு அதே தந்தியோடு ஈ. கேளுங்கள்.