கொடியில் காயும் துணியை எண்ணுங்கள்

(தாய்ப்பால் வார விழாவில், பிள்ளை பெற்ற இளம்பெண்களும் அவர்கள் வீட்டாரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் மகள்களே, துணைக்கு வந்திருக்கும் அம்மாக்களே, மாமியார்களே, வணக்கம். பிள்ளை அழுதால் யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம். இங்கேயே பால் கொடுங்கள். அழுகைச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவள் நான்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில், பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அதிகம் கேட்ட சொல், "பால் பத்தலை சிஸ்டர்." அதைச் சொல்வது பெரும்பாலும் பெற்றவள் இல்லை, பக்கத்தில் நிற்பவர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். "நான் நல்ல தாய்தானா" என்ற சந்தேகம் நம் வீடுகளில் முளைக்கிற இடம் அதுதான். பிறகு பிள்ளை இளைத்தாலும், பேச்சு வரத் தாமதமானாலும், மார்க் குறைந்தாலும் அதே தலைகுனிவு தொடர்ந்து வருகிறது. அதனால் அந்த முதல் சந்தேகத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

எனக்கும் அது வந்தது. சீம்பாலைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்ன நானே, என் மகன் பிறந்த ஆறாம் நாள் ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "பிள்ளை காஞ்சு கிடக்கு, மாவுப்பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். படித்தது ஒன்றும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. என் அத்தைதான் ஜன்னலைத் திறந்து காட்டினார். "கொடியைப் பாரு. காலையிலேர்ந்து ஏழு துணி நனைச்சிருக்கான். உள்ள போகாமலா வெளிய வருது?"

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மருத்துவம் சொல்வதும் அதேதான். ஐந்தாம் நாளுக்கு மேல், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் மூத்திரம் போகிற பிள்ளைக்குப் பால் சேர்கிறது. பிறந்த சில நாட்களில் எல்லாப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். உங்கள் மார்பு கனமாக இருக்கிறதா, பீய்ச்சினால் எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் சரியான அளவுகோல் இல்லை. சில வாரம் கழித்து மார்பு தளர்ந்தாற்போலத் தெரியும். பால் வற்றியதாக நினைத்துப் பயந்துபோவீர்கள். பிள்ளையின் தேவைக்கு ஏற்ப உடம்பு பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலமானால் விடாமல் சப்பிக்கொண்டே இருக்கிறதா? பச்சைப்பிள்ளை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். நடுவில் பயந்து புட்டியைக் கொடுத்தால் பிள்ளை சப்புவது குறையும், ஊறுவதும் குறையும். பொய்யாக இருந்த சந்தேகம் அப்படித்தான் மெய்யாகிறது. எத்தனை வீடுகளில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்கு உண்மையாகவே பால் குறைவாக இருக்கும். தைராய்டு கோளாறு இருக்கலாம், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருக்கலாம், நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். துணி நனையாவிட்டால், எடை ஏறாவிட்டால், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டாக்டர் சொல்லி மாவுப்பால் கொடுக்கிறவள் எந்த வகையிலும் குறைந்த தாய் இல்லை. அவள் முகத்துக்கு நேரே யாராவது அப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இனி மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும். பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானாகவே போய்விடும். அதைத் தாண்டியும் தூக்கம் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல், "எல்லாம் என் தப்பு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தால், தயவுசெய்து அதைச் செல்லம் என்றோ சோம்பல் என்றோ பேசாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவானது. இன்று பல நாடுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு கேள்வியே, தேவையில்லாமல் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்பதுதான். தன்னைக் குறை சொல்லிக்கொள்வது நோயின் அறிகுறியாக இருக்கலாம் மகளே, நீ கெட்ட தாய் என்பதற்குச் சாட்சி அல்ல. சாகலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு நொடி தோன்றினாலும் உடனே யாரிடமாவது சொல்லிவிடு. 14416-க்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பக்கத்து அறையில் எடை பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நேற்றிலிருந்து எத்தனை துணி நனைந்தது என்று நான் கேட்பேன். பெற்றவள் மட்டும் பதில் சொன்னால் போதும். கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் வெளியே டீ குடியுங்கள்.