கணினி எழுப்பும் குறிலும் நெடிலும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். மடிக்கணினியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். விசிறி ஒரு கணம் சுழல்கிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. உள்ளிருந்து ‘பீப், பீப், பீப்’ என்று ஓர் ஒலி வருகிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கிறார்கள், மீண்டும் அழுத்துகிறார்கள், அதே ஒலி கேட்டதும் மீண்டும் அணைக்கிறார்கள். நோயாளி தன் உபாதையைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பொத்தி விடுவது போன்ற செயல் இது. அந்த ஒலியை எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்து சேரும் வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு எனக்கு அகப்படவில்லை.

முதலில், கணினி ஏன் ஒலி எழுப்ப வேண்டும்? திரையிலேயே எழுதிக் காட்டலாமே? காட்ட முடியாத நிலையில் இருப்பதால்தான் ஒலி எழுப்புகிறது. பொத்தானை அழுத்திய முதல் சில விநாடிகளில் விண்டோஸோ லினக்ஸோ இன்னும் கண் விழித்திருக்காது. மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகையில் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் நிரல் மட்டுமே அப்போது வேலை செய்கிறது. இன்றைய கணினிகளில் அதற்கு யூஇஎஃப்ஐ என்று பெயர் மாறிவிட்டாலும், பேச்சு வழக்கில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். மின்சாரம் சீராக வருகிறதா, கணினியின் மூளையான செயலி இயங்குகிறதா, ரேம் என்னும் தற்காலிக நினைவகம் எழுதியதைத் திருப்பித் தருகிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உயிரோடு இருக்கிறதா, பிறகு கீபோர்டு, பிறகு டிஸ்க் என்று அந்த நிரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே இந்தத் தொடக்கச் சோதனை உண்டு. எல்லாம் நலம் என்றால் அந்த இயந்திரம் ஒரே ஒரு சிறிய பீப் எழுப்பும்.

நான் சொன்ன அந்த வரிசையைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம், செயலி, ரேம், திரை, அதன் பிறகே கீபோர்டும் டிஸ்கும். திரை வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால் எங்கேயாவது தடை ஏற்பட்டால், கணினியிடம் இருப்பது ஒலியும் ஒன்றிரண்டு சிறு விளக்குகளும் மட்டுமே. திரையைத் தாண்டிய பிறகு தடை ஏற்பட்டால் எழுத்தாகவே சொல்லிவிடும். ஆகவே பீப் என்ன சொல்கிறது என்பதை அறியும் முன்பே, பீப் வந்ததா எழுத்து வந்ததா என்பதே பாதி விடை. ஒலியுமில்லை, விளக்குமில்லை, விசிறியுமில்லை என்றால் சார்ஜரிலிருந்தோ மின் இணைப்பிலிருந்தோ தேடத் தொடங்க வேண்டும். ஒலி மட்டும் வந்தால் ரேம், திரைப் பகுதி, மதர்போர்டு இவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். எழுத்து வந்துவிட்டால், அது எவ்வளவு பயமுறுத்தும் எழுத்தாக இருந்தாலும், ஓரளவு மூச்சு விடலாம். அந்த எழுத்தைக் காட்டும் அளவுக்காவது செயலியும் ரேமும் திரையும் நலமாக இருக்கின்றன அல்லவா?

இனி, பீப்பை எண்ணும் கலை. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்னை நிறுத்துவது கடினம் என்று என் நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு இந்தப் பித்துப் பிடித்ததற்கு ஒரு தமிழாசிரியர் காரணம்.

அவர் பணி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை தொலைபேசியில் அழைத்து, “தம்பி, என் மடிக்கணினி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, மூன்று முறை கத்துகிறது” என்றார். மூன்று என்றதும் எனக்குக் கை பரபரத்தது. பல கணினிகளில் மூன்று பீப் என்றால் ரேம் கோளாறு. நேரே போய், அடி மூடியைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பை விடுவித்து, ரேமை எடுத்தேன். இரு பக்கமும் உள்ள சிறு கொக்கிகளை வெளிப்புறமாக விலக்கினால் ரேம் தானே சற்றுச் சாய்வாக மேலெழும்பும். அதை உருவி, பொன்னிற முனைகளை மென்மையான ரப்பரால் துடைத்து, அதே சாய்வில் செருகி, கொக்கிகள் ‘டக்’ என்று பிடிக்கும் வரை அழுத்தினேன். பேட்டரியை இணைத்துப் பொத்தானை அழுத்தினால், மறுபடியும் அதே சத்தம். வேறொரு ரேமைப் போட்டுப் பார்த்தேன், அதே சத்தம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. மதர்போர்டு போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தபோது, அருகில் நாற்காலியில் அமர்ந்திருந்த ஆசிரியர் தயக்கத்துடன் கேட்டார்: “தம்பி, முதலில் வருவது நெடில் அல்லவா? பின்னால் வரும் இரண்டும் குறில். மூன்றையும் ஒன்றாக எண்ணலாமா?”

நான் மீண்டும் பொத்தானை அழுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். பீ...ப், பிப், பிப். அவர் சொன்னது முற்றிலும் சரி. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை என்று வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காதுக்குக் கேட்டது, கருவியோடு வந்த என் காதுக்குக் கேட்கவில்லை. அந்தக் கணினியைச் செய்த நிறுவனத்தின் கையேட்டைத் தேடிப் பார்த்தால், ஒரு நெடிலும் இரண்டு குறிலும் வந்தால் திரைப் பகுதியை முதலில் பார்க்கச் சொல்லியிருந்தது. திரையிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் கேபிள், கணினி திறந்து மூடும் கீலின் வழியாக வருகிறது. அது மதர்போர்டில் இணையும் முனை பாதி விலகி நின்றது. விரல் நுனியால் ஒரு முறை அழுத்தினேன், அவ்வளவுதான். திரை எரிந்தது. “இரண்டு நாளைக்கு முன் மடியிலிருந்து நழுவியது, சொல்ல மறந்துவிட்டேன்” என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து பீப் ஒலியை நான் எண்ணால் குறித்துக்கொள்வதில்லை. நெடிலுக்கு ஒரு கோடு, குறிலுக்கு ஒரு புள்ளி, இடைவெளிக்கு ஒரு காற்புள்ளி என்று தாளில் எழுதிக்கொள்கிறேன்.

இடைவெளி என்றேன். அதுவும் முக்கியம், நேயர்களே. பீனிக்ஸ் என்னும் நிறுவனத்தின் பயாஸ் தன் செய்தியை நான்கு தொகுதிகளாகப் பிரித்துச் சொல்லும். ஒன்று, சிறு நிறுத்தம், மூன்று, சிறு நிறுத்தம், ஒன்று, சிறு நிறுத்தம், ஒன்று என்று வந்தால் அது ரேமைப் பற்றிய செய்தி. நிறுத்தங்களைக் கவனிக்காமல் எண்ணுபவர் ஆறு பீப் என்று எழுதிக்கொண்டு தவறான பட்டியலில் தவறான வரியைப் படித்துக்கொண்டிருப்பார். ஆகவே முதல் தடவை எண்ண வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள். இரண்டாம் தடவை எழுதுங்கள். மூன்றாம் தடவை எழுதியதைச் சரிபாருங்கள். கையில் செல்பேசி இருந்தால் ஒலியைப் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது.

அடுத்து நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு செய்தி. இந்த ஒலிகளுக்குப் பொது அகராதி கிடையாது. ஏஎம்ஐ நிறுவனத்தின் பழைய பயாஸில் ஐந்து பீப் வந்தால் செயலியில் கோளாறு என்று பொருள். டெல் நிறுவனத்தின் பழைய மடிக்கணினிகளில் அதே ஐந்து பீப் வந்தால், கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். கணினியின் மூளையே போய்விட்டது என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் தீர்ந்திருப்பதோ ஒரு வில்லைப் பேட்டரி! மூன்று பீப்பின் கதையும் இப்படித்தான். ஏஎம்ஐயில் அது ரேம். டெல்லில் அது மதர்போர்டு. ஆப்பிளின் பழைய மேக் கணினிகளில் மூன்று பீப், பிறகு ஐந்து விநாடி அமைதி, மீண்டும் மூன்று பீப் என்று வந்தால், ரேம் சோதனையில் தேறவில்லை என்று பொருள். எனவே இணையத்தில் கண்ட ஏதோ ஒரு பட்டியலை நம்பாமல், கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த மாடலுக்குரிய கையேட்டைத் தேடுங்கள்.

ஓயாமல், நிற்காமல் பீப் பீப் என்று ஒலித்துக்கொண்டே இருந்தால், மூடியைக் கழற்றும் முன் கீபோர்டைப் பாருங்கள். ஏதாவது ஒரு விசை அழுந்தியபடியே சிக்கியிருக்கலாம். விசைகளின் மேல் ஒரு புத்தகத்தின் முனை சாய்ந்திருந்ததற்காக ஒரு முழு மாலையை வீணாக்கியவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒலியே வராமல் திரை மட்டும் கறுப்பாக இருந்தால், கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே விழித்திருக்கிறது, திரை மட்டும்தான் உறங்குகிறது என்று ஊகிக்கலாம். அப்போது டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்னொளி போயிருக்கிறது. இன்னொன்று, புதிதாக ரேம் பொருத்திய உடனே பதற வேண்டாம். டிடிஆர்5 வகை ரேம் உள்ள கணினிகள் முதல் முறை அதைப் பழக்கிக்கொள்வதற்குச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

இப்போது எழுத்துச் செய்திகளுக்கு வருகிறேன். ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்றோ, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்றோ வந்தால், நான் முன்பு சொன்ன அந்த வில்லைப் பேட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது சிஆர்2032 என்னும் மூன்று வோல்ட் பேட்டரி. மடிக்கணினிகளில் அதை உறையிட்டு, கம்பி வைத்து இணைத்திருப்பார்கள். சில புதிய மாடல்களில் அது இருப்பதே இல்லை, முதன்மைப் பேட்டரியே அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கோளாறு சுவாரசியமானது, ஏனென்றால் அது தன் இடத்தில் நிற்காமல் வேறிடங்களில் தலைகாட்டும். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கு வராதவையாகக் கணினிக்குத் தோன்றும், உலாவி எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் காட்டும். நாமோ இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பழைய இயந்திரங்களில் பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். எந்த டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் கணினி மறந்துவிடும். அதனால் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’, அதாவது தொடங்குவதற்கு ஏற்ற டிஸ்க் இல்லை என்ற அறிவிப்பு வரும். குற்றவாளி வில்லைப் பேட்டரி, பழியோ டிஸ்கின்மேல்.

அந்த அறிவிப்பு வந்தவுடன் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். பிறகு பயாஸ் திரைக்குள் சென்று, டிஸ்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்தால் டிஸ்க் இருப்பதைக் கணினி அறிந்திருக்கிறது, பிழை அமைப்பிலோ அதில் உள்ள நிரலிலோ இருக்கக்கூடும். பெயரே தெரியவில்லை என்றால் இணைப்போ டிஸ்கோ பழுது.

ஆனால் டிஸ்க் தன் நலத்தைத் தானே கண்காணிக்கும் ஏற்பாட்டின் பெயரான ஸ்மார்ட் என்ற சொல்லோடு, டிஸ்க் விரைவில் செயலிழக்கும் என்ற எச்சரிக்கை வந்தால், ஹெச்பி கணினிகளில் அது 301 என்ற எண்ணோடு வரும், அங்கே சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள். பழுது நீக்கும் நிரல்களை ஓட்டாதீர்கள், திரும்பத் திரும்ப அணைத்து எழுப்பாதீர்கள். டிஸ்க் படிக்கக் கொடுக்கும் வரை முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். மற்ற வேலைகள் அதன் பிறகுதான்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் என்று புரிந்துகொள்கிறேன். தமிழாசிரியரிடம் அதிக நேரம் தங்கிவிட்டேன் போலும். விளக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் பல பீப் எழுப்புவதே இல்லை, விளக்கைச் சிமிட்டித்தான் பேசுகின்றன. டெல் கணினிகள் பலவற்றில் முதலில் செம்மஞ்சளாகவும் பிறகு வெள்ளையாகவும் விளக்கு சிமிட்டும். செம்மஞ்சள் இரண்டு, வெள்ளை மூன்று என்றால் ரேமைக் காணவில்லை. இரண்டும் ஏழும் என்றால் திரை. மூன்றும் ஒன்றும் என்றால், ஆம், மீண்டும் அந்த வில்லைப் பேட்டரிதான். ஹெச்பியில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். லெனோவோவின் சில திங்க்பேட் மாடல்கள் ஒரு சிறு இசைத்துணுக்கையே வாசிக்கும், அந்நிறுவனத்தின் செல்பேசிச் செயலி அதைக் கேட்டுப் பிழை எண்ணாக மாற்றித் தரும். விளக்கை எண்ணுவது ஒலியை எண்ணுவதைவிடக் கடினம். கண் இமைக்கும் நேரத்தில் ஒன்று தவறிவிடும். அதனால் செல்பேசியில் காணொளியாக எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். பழுது பார்ப்பவரிடம் போகும்போது அந்தக் காணொளியையும், அடியில் உள்ள மாடல் எண்ணின் படத்தையும், அண்மையில் கணினி கீழே விழுந்ததா, நனைந்ததா, புதிதாக ஏதேனும் பொருத்தப்பட்டதா என்ற குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். கீழே விழுந்ததைச் சொல்ல மட்டும் மறந்துவிடாதீர்கள். வணக்கம்.