பெஞ்சு வண்டி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் மாவட்டத்தில் கிராமப்புறச் சாலை வழியே செல்பவர்கள், ஏதேனும் ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில், நாற்புறமும் அடைக்கப்பட்ட நீண்ட வண்டி ஒன்று குதிரை அவிழ்க்கப்பட்டு நிற்பதைக் காண நேரலாம். அதற்குள் சாய்மானம் இல்லாத மரப் பெஞ்சுகளும், பாட்டுப் புத்தகங்களும், தட்டுகளும் கோப்பைகளும் அடுக்கப்பட்டிருக்கும். ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவு மக்களின் வழிபாட்டுக்குத் தேவையான பொருள்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் ஆலயம் என்று தனிக் கட்டடம் எதையும் எழுப்புவதில்லை. ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டிலோ, களஞ்சியத்திலோ, பட்டறையிலோ கூடி வழிபடுகிறார்கள். எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டுக்குப் பெஞ்சு வண்டி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த வண்டியிலிருந்து என் உரையைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆமிஷ் மக்களைப் பற்றி நம்மிடையே பேசுபவர்கள், மின்சாரம் வேண்டாதவர்கள், கார் ஓட்டாதவர்கள், காலம் மறந்து வாழ்பவர்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் எதை வேண்டாம் என்கிறார்கள் என்பதைவிட, எதைக் காப்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள் என்பதே நாம் அறிய வேண்டியது என்று நான் கருதுகிறேன். ஓர் ஆமிஷ் சபை என்பது 20 முதல் 40 குடும்பங்கள் வரை கொண்டது. அதற்கு மேல் பெருகினால் ஒரு வீட்டுக்குள் அத்தனை பேரும் அமர முடியாது. ஆகவே சபை இரண்டாகப் பிரிந்துவிடும். குதிரை வண்டியில் எளிதில் சென்று திரும்பக்கூடிய தொலைவே சபையின் எல்லையாக அமைகிறது. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கவும், நோயுற்றவரை அன்றே சென்று காணவும் இயன்ற அளவில் ஊரை வைத்துக்கொள்வது இவர்களுடைய வாழ்க்கைமுறையின் அச்சாணி.

இவர்களின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1525-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து தெளிந்தவர் தாமே விரும்பிப் பெறுவதே செல்லும் என்று கூறிய சிறு கூட்டம் ஒன்று தோன்றியது. அரசும் திருச்சபையும் ஒன்றாயிருந்த அக்காலத்தில் இது இராஜதுரோகத்துக்கு ஒப்பாகக் கருதப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். பலர் எரிக்கப்பட்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர். எஞ்சியவர்கள் மலைப்பகுதிகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் உழவர்களாக ஒடுங்கினர். 1693-இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், சபை ஒழுக்கம் தளர்ந்துவிட்டதென்று கூறித் தம்மைப் பின்பற்றியவர்களுடன் தனியே பிரிந்தார். அவர் பெயரிலிருந்தே ஆமிஷ் என்ற பெயர் வந்தது. மதச் சுதந்தரம் அளித்த வில்லியம் பென்னின் பென்சில்வேனியாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் இவர்கள் கடல் கடந்து வந்தனர். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசி ஆமிஷ் சபை 1937-இல் ஜெர்மனியில், அதே ஞானஸ்நான மரபில் வந்த மெனோனைட் சபையுடன் கலந்துவிட்டது. அமெரிக்காவிலோ, 1900-ஆம் ஆண்டளவில் சுமார் 5,000 பேராக இருந்தவர்கள் இன்று ஏறத்தாழ 4 லட்சமாகப் பெருகியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் ஆறேழு குழந்தைகள் பிறப்பதும், வளர்ந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சபையிலேயே நிலைப்பதும் இதற்குக் காரணங்கள்.

வழிபாடு மூன்று மணி நேரம் நீளும். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் அமர்கிறார்கள். இசைக்கருவி இல்லை, பாட்டுப் புத்தகத்தில் இசைக்குறிப்பும் இல்லை. ‘அவுஸ்புண்ட்’ எனப்படும் அந்நூல் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலுள்ள பாடல்களில் ஒரு பகுதி, ஜெர்மனியின் பாஸாவ் கோட்டையின் சிறையில் அடைபட்டிருந்தவர்கள் இயற்றியவை. ஒவ்வொரு வழிபாட்டிலும் இரண்டாவதாக ஒரே பாடலைத்தான் பாடுவார்கள். நான்கே பத்திகள் கொண்ட அப்பாடலை, ஓர் அசைக்கே பல சுரங்கள் இழைய, ஏறக்குறைய 20 நிமிடம் பாடுகிறார்கள். அந்த ராகங்கள் ஏட்டில் எழுதப்படாமல், மூத்தவர் பாடக் கேட்டு இளையவர் பாடும் முறையிலேயே நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றன. வழிபாடு முடிந்ததும், அமர்ந்திருந்த அதே பெஞ்சுகளை இணைத்து உணவு மேசைகளாக்கி விடுகிறார்கள். ரொட்டி, இனிப்பூட்டிய நிலக்கடலை வெண்ணெய், ஊறுகாயாக்கிய பீட்ரூட், காப்பி ஆகியவைதாம் உணவு. எந்த வீட்டிலும் இதே எளிய உணவுதான் என்பதால், விருந்தளிப்பதில் ஒரு குடும்பம் இன்னொன்றை விஞ்ச இடமில்லாமல் போகிறது.

போதகர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை என் மனத்தை மிகவும் ஈர்த்தது. இவர்களுக்கு இறையியல் கல்லூரி கிடையாது, சம்பளமும் கிடையாது. சபையின் ஆண்களும் பெண்களும் தகுதியானவர் என்று தாம் கருதுபவரின் பெயரை இரகசியமாகச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆதரவு பெற்றவர்களின் முன் அத்தனை பாட்டுப் புத்தகங்கள் வைக்கப்படும்; அவற்றுள் ஒன்றில் மட்டும் வேத வசனம் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். ஆளுக்கொன்றாக எடுத்த பின், யாருடைய புத்தகத்தில் சீட்டு இருக்கிறதோ அவர் அந்த நொடியிலிருந்து வாழ்நாள் முழுவதும் போதகர். பதவியை நாடிச் செல்லுதல் இங்கே பெருமையன்று. சீட்டு விழுந்த குடும்பத்தில் அன்று கண்ணீர்தான் இருக்கும். மறுநாளும் அவர் பால் கறக்கவோ தச்சு வேலைக்கோ செல்ல வேண்டும், அத்துடன் மனப்பாடமாய்ப் பேசும் பிரசங்கத்தின் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

சபையின் நடைமுறை விதிகளுக்கு ‘ஓர்ட்னுங்’ என்று பெயர். பெரும்பாலும் எழுதப்படாத இவ்விதிகள், ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் திருவிருந்துக்கு முன் சபையார் அனைவராலும் ஏற்கப்பட வேண்டும். மனவேறுபாடு தீராமல் திருவிருந்து நடவாது. உடையின் நிறம், தொப்பியின் விளிம்பு, வண்டியின் கூரை ஆகிய எல்லாவற்றையும் இவ்விதிகள் வரையறுக்கின்றன. லங்காஸ்டரில் வண்டிக் கூரை சாம்பல் நிறம். ஒஹாயோவிலும் இண்டியானாவிலும் பெரும்பாலும் கறுப்பு. பென்சில்வேனியாவின் பிக் வேலி என்ற பள்ளத்தாக்கிலோ மஞ்சள் கூரையும் வெள்ளைக் கூரையும்கூட உண்டு. மணமான ஆண் தாடி வளர்ப்பார், மீசை வைக்க மாட்டார். மீசை பழைய ஐரோப்பியப் படைவீரரின் அடையாளமாய் இருந்தது, இவர்களோ எந்தப் போரிலும் ஆயுதம் ஏந்தாதவர்கள்.

தொழில்நுட்பத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டும். தொலைபேசி வந்த புதிதில் சில ஆமிஷ் வீடுகளிலும் அது இருந்தது. 1910-ஆம் ஆண்டையொட்டி லங்காஸ்டர் சபைகள் அதனை வீட்டிலிருந்து விலக்கின. நேரில் சென்று பார்க்கும் வழக்கம் குறையும், வெளியுலகின் மணியோசை உணவு வேளையிலும் உள்ளே புகும் என்பது அவர்களின் கவலை. ஆனால் மருத்துவரை அழைக்கவும் வணிகம் பேசவும் தொலைபேசி தேவைப்பட்டது. ஆகவே வயலோரத்தில் சிறு மரக்கூண்டு ஒன்றை அமைத்து, பல குடும்பங்களுக்குப் பொதுவாகத் தொலைபேசியை அதில் வைத்தார்கள். இவ்வாறே பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை. ஆயினும் மின்கலமும், பல இடங்களில் சூரியத் தகடும் ஏற்கப்படுகின்றன. பட்டறைகளில் டீசல் எந்திரத்தால் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தைக் கொண்டே இழைப்புளியையும் துளைப்பானையும் இயக்குகிறார்கள். காரை உடைமையாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் தொலைதூர மருத்துவமனைக்குச் செல்ல, தாம் ‘இங்கிலீஷ்காரர்’ என்று அழைக்கும் அயலாரின் வேனை வாடகைக்கு எடுக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவை முரண்பாடுகளாகத் தோன்றுகின்றன. எனக்கோ, ஒவ்வொரு பொருளையும் வாசலில் நிறுத்திவைத்து, ‘நீ உள்ளே வந்தால் எங்களைப் பிரிப்பாயா, சேர்ப்பாயா?’ என்று கேட்கும் நிதானமாகவே தோன்றுகிறது.

இந்த நிதானத்துக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு பால். 1960-களின் இறுதியில், பாலைக் கேன்களில் வாங்க மாட்டோம், குளிர்விக்கும் பெருந்தொட்டிகளில்தான் சேமித்துத் தர வேண்டும் என்று பால் நிறுவனங்கள் லங்காஸ்டர் உழவர்களிடம் வற்புறுத்தின. மறுத்தால் வருமானம் போகும். ஏற்றால் மின்கம்பி வரும், ஞாயிற்றுக்கிழமையும் லாரி வரும். மூத்த ஆயர்கள் நிறுவனத்தாருடன் அமர்ந்து பேசி, குளிர்சாதனத்தை டீசல் எந்திரத்தால் இயக்குவது, பாலைக் கிளறும் கருவிக்கு மட்டும் 12 வோல்ட் மின்கலத்தைப் பயன்படுத்துவது, ஞாயிறன்று பால் எடுப்பதில்லை என்பதாக உடன்பாடு கண்டனர். பண்ணையும் பிழைத்தது, ஓய்வுநாளும் பிழைத்தது.

பள்ளிக்கூட விவகாரம் இவ்வளவு அமைதியாகத் தீரவில்லை. எட்டாம் வகுப்பு வரை ஓரறைப் பள்ளியில் கற்று, அதன்பின் பெற்றோருடன் வேலை பழகுவதே இவர்களின் முறை. வீட்டில் பேசுவது பென்சில்வேனிய ஜெர்மன், வேதம் வாசிப்பது பழைய ஜெர்மன், பள்ளியில் கற்பது ஆங்கிலம் என்று எட்டாம் வகுப்பிலேயே மும்மொழி அறிந்துவிடுகிறார்கள். 1965 நவம்பரில் அயோவா மாநிலத்தில், ஆமிஷ் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி நகரப் பள்ளிக்குக் கொண்டுசெல்ல அதிகாரிகள் வந்தபோது, குழந்தைகள் அஞ்சி மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடினார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் நாடெங்கும் பரவி மக்களை உலுக்கியது. பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தில், பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தலா 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1972-இல் நீதிமன்றம் பெற்றோரின் சமய உரிமையை ஏற்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு பகுதியில் மாறுபட்டு எழுதினார். அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

ஏனெனில் இவ்வாழ்க்கைக்கு விலையும் உண்டு. பதினாறு வயதில் ‘ரும்ஸ்பிரிங்கா’ எனும் பருவம் தொடங்குகிறது. அப்போது இளைஞர்கள் தம் வயதினருடன் பழகி, துணையைத் தேடி, சபையில் சேர்வதா என்று சிந்திக்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாமலே விலகுபவருடன் உறவு முறியாது. ஞானஸ்நானத்தில் வாக்களித்துவிட்டுப் பின் விலகுபவரையோ, சொந்தத் தாயும் ஒரே மேசையில் அமர்த்தி உணவு பரிமாற இயலாது. அப்படி வெளியேறியவர்கள் சுமக்கும் துயரத்தைக் கேட்காமல் இம்மக்களைப் புகழ்வது நேர்மையாகாது. சிறு கூட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் செய்துகொள்வதால் அரிய பரம்பரை நோய்களும் குழந்தைகளைத் தாக்குகின்றன. அவற்றுக்கென 1989-இல் லங்காஸ்டர் மாவட்டத்தின் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் தனி மருத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் கட்டடத்தை ஆமிஷ், மெனோனைட் மக்களே கூடி எழுப்பினார்கள். ஏல விற்பனைகள் நடத்தி இன்றும் அதற்குப் பொருளுதவி செய்கிறார்கள்.

கூடி எழுப்புதல் அவர்களுக்குப் புதிதன்று. ஒரு களஞ்சியம் தீப்பிடித்து எரிந்தால், சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கான ஆண்கள் சுத்தியலுடன் வந்துவிடுவார்கள். காலையில் வெறும் தளமாக இருந்த இடத்தில் மாலைக்குள் மரச்சட்டகம் எழுந்து நிற்கும். பெண்கள் அத்தனை பேருக்கும் சமைப்பார்கள். காப்புறுதி நிறுவனம் செய்யும் வேலையைச் சுற்றத்தார் செய்கிறார்கள். இதனாலேயே அரசின் சமூகப் பாதுகாப்பு வரியை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். 1961-இல் வரி செலுத்தாத உழவர் ஒருவரின் மூன்று குதிரைகளை அரசு பறிமுதல் செய்தது. எழுந்த கண்டனத்தையடுத்து, 1965-இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்குச் சட்டம் விலக்களித்தது. மற்ற வரிகளை அவர்கள் தவறாமல் செலுத்துகிறார்கள்.

2006 அக்டோபர் 2 அன்று, லங்காஸ்டரின் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில், வெளியாள் ஒருவன் ஓரறைப் பள்ளிக்குள் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐவர் இறந்தனர், அவனும் தன்னையே சுட்டுக்கொண்டான். அன்றைய தினமே ஆமிஷ் மக்கள் அவனுடைய குடும்பத்தாரைத் தேடிச் சென்று, உங்கள்மீது எங்களுக்குப் பகை இல்லை என்று கூறினார்கள். அவனை அடக்கம் செய்தபோது கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் மக்களே. தம் மகளைப் புதைத்த பெற்றோரும் அங்கு நின்றார்கள். மன்னிப்பு அவர்களுக்கு எளிதாக இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் மீண்டும் மன்னிக்க வேண்டியிருக்கிறது என்றே அவர்கள் சொன்னார்கள். அந்தப் பள்ளியைப் பத்து நாள்களில் இடித்து, அவ்விடத்தைப் புல்வெளியாக்கிவிட்டார்கள்.

ஆமிஷ் வீட்டில் ஒருவர் இறந்தால், அன்றாட வேலைகளை அயலார் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்: மாடு கறப்பது, சமைப்பது, குழி தோண்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அலங்காரமற்ற மரப்பெட்டி, மலர்க் குவியல் இல்லை, இறந்தவரைப் புகழும் உரையும் இல்லை. கல்லறைக்கல் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. மண்ணை மண்வெட்டியால் தள்ளி மூடுபவர்களும் உறவினரும் அயலாருமே. துக்க வீட்டில் நூற்றுக்கணக்கானோர் அமர வேண்டும்; அதற்காக முந்தைய நாளே, வரிசையில் எந்த வீட்டின் முறையாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு, பெஞ்சு வண்டி அந்த வீட்டு முற்றத்துக்கு வந்து நிற்கிறது.

வணக்கம்.