பானையில் போடும் முன் ஒரு பிடி

(காட்சி: அடுப்படி. அரிசி களையும் பாத்திரம், அருகே மூடியுள்ள ஒரு தகர டப்பா.)

மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் சமையலறையைக் காண்கிறீர்கள். வேளைச் சோற்றுக்கான அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்ட தாயார், அதைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுகிறார். அதன் பிறகே தண்ணீர் ஊற்றுகிறார். மிசோ மொழியில் இதற்குப் ‘பூஃபாய் தாம்’ என்று பெயர். கைப்பிடி அரிசி என்று பொருள். அங்குள்ள பிரெஸ்பிடேரியன் சபையில் 1910-ஆம் ஆண்டு தொடங்கிய இந்த வழக்கம் நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது. சபைப் பெண்கள் வீடுவீடாகச் சென்று அரிசியைச் சேகரிக்கிறார்கள். அதை விற்று வரும் பணம் ஊழியங்களுக்குச் செல்கிறது.

நம் தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கும் ‘பிடி அரிசி’ புதிய சொல் அன்று. 1903-இல் திருநெல்வேலித் திருச்சபையார் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, அந்நியப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே நம் ஊழியரை அனுப்புவது என்று உறுதி பூண்டார்கள். அந்த உறுதியைத் தாங்கியவை சாமானியக் குடும்பங்களின் சிறு காணிக்கைகளே.

அரிசியின் அளவைக் காட்டிலும், அது எடுக்கப்படும் நேரத்தைக் கவனியுங்கள். எல்லாரும் உண்டபின் மிஞ்சிய சோற்றைக் கொடுப்பது நல்ல காரியந்தான். ஆனாலும் வேதாகமம் பலி என்று சொல்வது அதற்கும் முந்தைய ஒன்றை. லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தின்படி, அறுப்பின் முதற்கதிர்க்கட்டைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோகும் நாள்வரைக்கும் புதிய விளைச்சலில் அப்பமோ, வறுத்த கதிரோ, பச்சைக்கதிரோ இஸ்ரவேலர் வாயில் படக்கூடாது. மிச்சம் இருக்குமா என்று தெரிவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.

(காட்சி: போரடிக்கும் களம், இரண்டு மாடுகள்.)

தாவீதின் நாளில் கொள்ளைநோய் பரவியபோது, பலிபீடம் கட்டுவதற்காக எபூசியனாகிய அர்வனாவின் களத்தைத் தாவீது விலைக்குக் கேட்டான். அர்வனாவோ களத்தையும், பலிக்கு மாடுகளையும், விறகுக்குப் போரடிக்கிற உருளைகளையும் நுகத்தடிகளையும் இலவசமாகவே தர முன்வந்தான். அரசன் அதை ஏற்கவில்லை. தனக்கு ஒன்றும் செலவாகாததைத் தன் தேவனுக்குச் செலுத்த மனமில்லாமல், ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினான்.

இந்தச் சம்பவம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது. லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்துப் புறாக்குஞ்சுகள் அந்த அளவுக்கு வருவதில்லை என்பது என் வருத்தம். தன் பாவத்துக்காக ஆட்டுக்குட்டியைச் செலுத்தச் சக்தியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம்; அதற்கும் வழியில்லாதவன் ஓர் எப்பா (அக்காலத் தானிய அளவு) மாவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவரலாம். பிள்ளை பெற்ற தாய்க்கும் இத்தகைய சலுகை உண்டு. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது செலுத்தியது ஏழைகளுக்குரிய அந்தப் புறாக்களைத்தான். பிடி அரிசியிலும் இதே நியாயம் இருக்கிறது: அவரவர் கையே அளவு, குழந்தையின் பிடி சிறியதாகத்தான் இருக்கும். ஆகையால், கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கும்படி ஒரு விசுவாசியை நெருக்குவதற்கு வேதத்தில் இடம் தேடுவது வீண்.

ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லுகிறார். அது எப்படி என்று அறிய அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், அவர் நம்மைப் பலிபீடத்தண்டைக்கு அழைத்துப்போகாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் அழைத்துப்போவதைக் காணலாம்: அந்நியரை உபசரித்தல், அழுகிறவர்களுடனே அழுதல், பழிவாங்காதிருத்தல், பசித்திருக்கும் சத்துருவுக்குப் போஜனம் கொடுத்தல்.

இவற்றுள் பணத்தைக் காட்டிலும் விலை கூடியது ஒப்புரவு, அதாவது முறிந்த உறவைச் சரிசெய்வது, என்று நினைக்கிறேன். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று பலிபீடத்தருகே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது கலிலேயாவில். ஆலயமோ எருசலேமில், ஏறக்குறைய மூன்று நாள் நடைதூரத்தில் இருந்தது. கேட்டவர்கள் அந்த வழியைத் திரும்ப நடப்பதை மனக்கண்ணில் பார்த்திருப்பார்கள். நமக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. பாகப்பிரிவினையில் முறிந்த அண்ணன் தம்பியர் ஒரே ஆலயத்தில் இரு ஓரங்களில் முழங்காற்படியிட்டுத் திருவிருந்து எடுக்கிறார்கள்; இடையில் இருப்பது ஒரு நடைபாதை மட்டும்.

(காட்சி: மறுபடியும் அடுப்படி.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெற்றோரைத் தாங்க வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கையை விரித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார். அடுத்தவருக்குரியதை எடுத்துத் தான் பக்திமானாவது பலியாகாது. நம் வீடுகளில் தியாகம் என்ற பேச்சு வந்தால், அது பெரும்பாலும் தாயின்மேலோ மருமகளின்மேலோ போய் உட்காருகிறது. டப்பாவில் விழுந்த அந்த ஒரு பிடி எல்லாருடைய தட்டிலும் சிறிது சிறிதாகக் குறைந்ததா, கடைசியில் உண்ண உட்காருகிறவருடைய தட்டில் மட்டும் குறைந்ததா என்பது, அன்று இரவு சோறு பரிமாறும்போது தெரிந்துவிடும்.