வால் நுனி வரை பூரணம்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானியத் தெருக்கடைகளில் சுடச்சுட விற்கும் தையாக்கி என்ற இனிப்பை வீட்டில் செய்வது பற்றி இன்று பேசப் போகிறேன். மீன் வடிவ இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவில் இனிப்புப் பயறு பூரணத்தை வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் மாவு விட்டு, அச்சை மூடித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். உருவம்தான் மீன், உள்ளே மீன் துளியும் கிடையாது. சைவக்காரர்கள் பலர் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மூத்தது இமாகவாயாக்கி. அதே மாவு, அதே பூரணம், வடிவம் மட்டும் வட்டம். தோக்கியோ நகரம் எடோ என்று அழைக்கப்பட்ட 18ஆம் நூற்றாண்டிலேயே, காண்டா பகுதியில் இமாகவா என்ற பாலத்தின் பக்கத்தில் விற்றதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதை மீனாக்கியது 1909இல் தொடங்கிய நானிவாயா என்ற கடை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தோக்கியோவின் அசாபு ஜூபானில் அந்தக் கடை இன்றும் இருக்கிறது. ஓசாக்காவிலிருந்து வந்த அதன் நிறுவனர் முதலில் வட்டமாகத்தான் சுட்டிருக்கிறார், விற்கவில்லை. ஆமை வடிவத்தில் சுட்டுப் பார்த்தார், அதுவும் போகவில்லை. அப்புறம்தான் தை என்ற கடல் மீனின் வடிவம். அந்த மீன் ஜப்பானில் கல்யாணம், பண்டிகை என்று நல்ல காரியங்களுக்கு வைப்பது, விலையும் அதிகம். சாதாரண ஜனங்கள் நினைத்த நேரத்தில் வாங்கிச் சாப்பிட முடியாத மீன், சில காசுக்கு இனிப்பாகக் கிடைத்தால் விடுவார்களா? கூட்டம் வந்துவிட்டது.

அங்கே சுடுவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ஓர் அச்சில் ஒரே ஒரு மீன். நீளமான இரும்புக் கைப்பிடி கொண்ட அச்சுகளை அடுப்பில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போவார்கள். மற்ற பல கடைகளில் ஒரே தட்டில் பல மீன்களைச் சேர்த்துச் சுடுவது வழக்கம். தையாக்கிப் பிரியர்கள் தனி அச்சில் சுட்டதைக் கடலில் பிடித்த மீன் என்றும், தட்டில் சுட்டதைப் பண்ணையில் வளர்த்த மீன் என்றும் பிரித்துச் சொல்வார்கள். தனி அச்சில் சுட்டதற்குத் தோல் மெல்லிசு, மொறுமொறுப்பு அதிகம். வீட்டில் நாம் வாங்கும் அச்சும் ஒன்றோ இரண்டோ மீன் சுடுவதுதான். அந்த வகையில் நமக்கு வசதி.

சரி, பூரணத்துக்கு வருகிறேன். நான் இன்று சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான். ஜப்பானில் அசுகி என்ற சின்னச் சிவப்புப் பயறு போடுவார்கள். அது கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி, அதாவது தட்டைப்பயறு, போடுங்கள். மனம்போன போக்கில் சொல்லவில்லை. ஜப்பானிலேயே இந்தப் பழக்கம் உண்டு. செக்கிஹான் என்று விசேஷ நாட்களில் சிவப்புச் சோறு ஆக்குவார்கள். அசுகி வேகும்போது தோல் வெடிக்கும். அது வயிற்றைக் கிழித்துத் தற்கொலை செய்துகொள்வதை நினைவூட்டியதால், சாமுராய் என்ற போர்வீரர்களின் வீடுகளில் அதை விட்டுவிட்டுத் தட்டைப்பயறைச் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். தட்டைப்பயறின் தோல் எளிதில் வெடிப்பதில்லை. அதனால் பூரணத்துக்கு அதை நன்றாக மசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

200 கிராம் பயறைக் கழுவிக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் பழுப்புச் சிவப்பாகி நுரை கட்டும். அந்த முதல் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுங்கள். துவர்ப்பும் கசப்பும் அதில்தான் இறங்கியிருக்கும். புதுத் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வேகவையுங்கள். தண்ணீர் வற்றிப் பயறு வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் கொஞ்சம் ஊற்றுங்கள். குக்கரில் வைக்கலாம், ஆனால் விசிலை எண்ணி நிறுத்தாதீர்கள். ஒரு பயறை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் அழுத்துங்கள். வலுவில்லாத அந்த விரலுக்கே நசுங்க வேண்டும். நசுங்கவில்லையா, இன்னும் வேக வேண்டும்.

அதுவரை சர்க்கரை டப்பாவைத் திறக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், பயறு முழுதாக வேகும் முன் சர்க்கரை கூடாது. சர்க்கரை விழுந்த பிறகு பயறு மெத்தென்று ஆகாது, எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். வெந்த பிறகு 160 கிராம் சர்க்கரையை மூன்று தடவையாகப் போட்டுக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பயறிலிருந்து நீரை வெடுக்கென இழுத்துவிடும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், கோடு ஒரு நொடி நின்று மெல்ல மூட வேண்டும். அப்போது ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இறக்குங்கள். கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும், ஆறும்போது இறுகிவிடும். அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் ஆறிய பிறகு கட்டியாகிவிடும்.

ஒலிப்பதிவு அறையில் கை காட்டுகிறார்கள், நேரம் குறைவு. மாவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு முட்டை, பாலோ தண்ணீரோ சுமார் 180 மில்லி. முட்டை வேண்டாதவர்கள் பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள். கட்டியில்லாமல் கரைத்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அச்சின் இரு பக்கமும் நன்றாகச் சூடாக வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும். பாதிக்குச் சற்று மேல் மாவு, நீளவாக்கில் பூரணம், மேலே மாவு, மூடித் திருப்புங்கள். மிதமான தீயில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்.

பூரணத்தை வால் நுனி வரை வைக்க வேண்டுமா? யோட்சுயா பகுதியில் வாகாபா என்ற கடை வால் வரை நிரப்புவதற்கே பேர்போனது. வால் வெறும் மொறுமொறுப்பாக இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. நான் வால் வரை வைப்பேன். அச்சு கிடைக்காதவர்கள் இதே மாவைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துத் தோசைக்கல்லில் சின்ன வட்டங்களாகச் சுட்டு, இரண்டுக்கு நடுவில் பூரணம் வையுங்கள். அது தொராயாக்கி என்ற இன்னொரு ஜப்பானிய இனிப்புக்குக் கிட்ட வரும். மீந்த தையாக்கியை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோல் தொய்ந்துவிடும். வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் திருப்பிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.