70 கோடிக் குதிரை தோற்றது, அரை நீளத்தில் ஜெயித்த குட்டி உலகை ஆண்டது: முதல் ரேஸை எப்படிப் பார்ப்பது?

[திரையில்: இரண்டு குதிரைகள், பெயர் மறைக்கப்பட்டு]

வணக்கமுங்க. இரண்டு குதிரைகளைக் காட்டுகிறேன், ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். காசு நான் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் மட்டும்தான்.

முதல் குதிரை ஏலத்துக்கு முன்னால் நடந்த சோதனை ஓட்டத்தில் ஒரு பர்லாங்கை 9.8 விநாடியில் கடந்தது. ஒரு பர்லாங்கு என்றால் 201 மீட்டர். உசைன் போல்ட்டின் 200 மீட்டர் உலக சாதனை 19.19 விநாடி. அவர் பாதி வழியில் இருக்கும்போது இது கோட்டைத் தாண்டி நின்று மூச்சு வாங்கும். இரண்டாவது குதிரை தன் முதல் ரேஸில் ஜெயித்தது. எவ்வளவு வித்தியாசத்தில்? அரைக் குதிரை நீளம். கிட்டத்தட்ட ஒன்றேகால் மீட்டர்.

எதை எடுத்தீர்கள்?

முதல் குதிரையின் பெயர் தி கிரீன் மங்கி. 2006-இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அதன் விலை 1 கோடியே 60 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 70 கோடி ரூபாய். அது மொத்தம் ஓடியது மூன்று ரேஸ். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்த பரிசுப் பணம் 10,440 டாலர். கொள்ளுக்குக்கூடக் கட்டுபடி ஆகியிருக்காது.

இரண்டாவது, ஃபிராங்கெல். 14 ரேஸ், 14 வெற்றி. தோல்வி என்பதே பார்க்காமல் 2012-இல் ஓய்வு பெற்ற குதிரை. நம் காலத்தின் மிகச் சிறந்த பந்தயக் குதிரை எது என்று கேட்டால், பலர் யோசிக்காமல் சொல்லும் பெயர்.

அப்படியானால் அந்த அரை நீளத்துக்குள் என்ன இருந்தது? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[திரையில்: நியூமார்க்கெட் புல்வெளி, மழை]

பின்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். ஃபிராங்கெல் பிறந்தது 2008 பிப்ரவரி 11. அப்பா கலிலியோ, அம்மா கைண்ட். சொந்தக்காரர் சவுதி இளவரசர் காலித் அப்துல்லா, பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஹென்றி செசில், ஜாக்கி டாம் குவீலி. அவ்வளவுதான், பேப்பரில் எழுதி வைக்க வேண்டாம்.

2010 ஆகஸ்ட் 13, இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ரேஸ் மைதானம். தரை மழையில் நன்றாக நனைந்து கிடக்கிறது. ஒரு மைல் ரேஸ், அதாவது எட்டு பர்லாங்கு. இரண்டு வயதுக் குட்டிகளுக்கு மட்டும், அதிலும் இதுவரை ஒரு ரேஸ்கூட ஜெயிக்காதவற்றுக்கு மட்டும். குவீலி குதிரையை முன்னால் விடவில்லை. மற்றவற்றின் பின்னால் வைத்து ஓட்டி வந்து, கடைசியில்தான் வழி விடுகிறார். கடைசி பர்லாங்கில் முந்துகிறது, ஜெயிக்கிறது. ரேஸ் ஒன்றரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டி முடிந்துவிட்டது. ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை இல்லை.

இப்போது நம் ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஓட்டத்தை நாம் பார்த்திருந்தால், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்போம். காரணம் நம் கண். அது ரேக்ளாவில் பழகிய கண்.

[திரையில்: ரேக்ளா களம், புழுதி]

பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் ரேக்ளா பார்க்காதவர்கள் குறைவு. பார்க்காதவர்களுக்காக: சின்ன வண்டி, ஒரு ஜோடிக் காளை, நேர்க்கோட்டில் களம். 200 மீட்டர் ஒரு பிரிவு, 300 மீட்டர் இன்னொரு பிரிவு. கொடி அசைந்ததும் விடுகிறார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நேரம் அறிவிக்கிறார்கள், விநாடிக்குப் பின்னால் புள்ளி வைத்து இரண்டு இலக்கம். அன்றைக்கு இருநூறு, முந்நூறு வண்டி வந்தாலும் கவலை இல்லை. எந்த ஜோடி குறைந்த நேரத்தில் ஓடியதோ அதற்குத்தான் பரிசு, பல களங்களில் தங்கக் காசு.

கவனியுங்கள், இதில் எதிராளி கடிகாரம். பக்கத்து ஊர் வண்டி காலையில் ஓடியிருக்கும், உங்கள் வண்டி சாயங்காலம் ஓடும். இரண்டு ஜோடியும் ஒன்றையொன்று முகம்கூடப் பார்த்திருக்காது. யாரும் குறுக்கே வரமாட்டார்கள். யார் குளம்பில் இருந்தும் மண் தெறித்து உங்கள் மயிலைக்காளையின் கண்ணில் விழாது. நிதானமாக ஓட்டி மற்றவனை ஏமாற்றுவது என்ற பேச்சே இல்லை. விட்ட நொடியிலிருந்து முழு வேகம். எனக்கு இதில் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் இதைவிட நேர்மையான போட்டி கிடையாது. கடிகாரத்துக்குச் சொந்தக்காரன் இல்லை, பங்காளி இல்லை.

இதையே மதுரை, சிவகங்கைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் தார்ச்சாலை, மைல் கணக்கில் தூரம், பல வண்டிகள் ஒரே நேரத்தில். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். அங்கே முந்துவது, மறிப்பது, அடக்கி வைத்திருந்து கடைசியில் விடுவது எல்லாம் உண்டு. குதிரை ரேஸுக்குப் பங்காளி அந்தப் பந்தயம்தான், நம் ரேக்ளா இல்லை. (கருத்துப் பெட்டியில் சண்டை வேண்டாம். இரண்டும் நல்ல பந்தயம். ஆனால் ரேக்ளாதான் அழகு. சரி, போதும்.)

இப்போது தி கிரீன் மங்கிக்குத் திரும்புவோம். அது 9.8 விநாடியில் ஓடிய சோதனை எப்படி நடந்தது? தனியாக. நேராக. 201 மீட்டர். கையில் கடிகாரத்தோடு ஆட்கள். யோசித்துப் பாருங்கள், அது அப்படியே நம்ம 200 மீட்டர் ரேக்ளா! அந்தப் போட்டிக்கு அந்தக் குதிரை பிறவிச் சாம்பியன். பாவம், அதை வாங்கியவர்கள் வேறு போட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பக்கத்தில் மற்ற குதிரைகள் இருந்தன, தூரமும் அதிகம்.

ஒரு குட்டி முதல் ரேஸில் சந்திப்பது இதைத்தான். கேட் என்கிற இரும்புக் கூண்டுக்குள் அடைத்து நிறுத்துகிறார்கள், சட்டென்று திறக்கிறார்கள். முன்னால் போகிற குதிரைகளின் குளம்பிலிருந்து புல்லும் மண்ணும் முகத்தில் அடிக்கிறது. இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத குதிரைகள் உரசுகின்றன. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். நாலு கால் பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு என்று கட்டுப்பட்டு ஓடுகிற உடம்பு. பயந்து தலையைத் தூக்கினால், ஜாக்கியோடு மல்லுக்கு நின்றால், அந்தத் தாளம் கெடும், கடைசி பர்லாங்குக்குப் பலம் இருக்காது.

வயசையும் பாருங்கள். ஃபிராங்கெலுக்கு அன்று இரண்டரை வயது. குதிரைக்கு முன்பற்களில் முதல் ஜோடிப் பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்கிற பருவம். சந்தையில் நாம் மாட்டின் வாயைத் திறந்து "ரெண்டு பல்" என்று சொல்கிறோமே, அந்த மாதிரிப் பச்சைக் குட்டி. அதை ஈரத் தரையில், கூட்டத்துக்குப் பின்னால் வைத்து, மண் அடி வாங்க விட்டு, "இப்போது போ" என்றதும் போகிறது. இதைக் கடிகாரம் காட்டாது. முதல் ரேஸில் நான் பார்ப்பது இதை மட்டும்தான். முன்னால் ஓடிப்போய்ப் பத்து நீளத்தில் ஜெயிக்கிற குட்டிக்கு வேகம் இருக்கிறது என்று தெரியும். அடைபட்டுக் கிடந்து வெளியே வந்து அரை நீளத்தில் ஜெயிக்கிற குட்டிக்கு வேகத்தோடு புத்தியும் இருக்கிறது என்று தெரியும்.

ஃபிராங்கெல் விஷயத்தில் அந்தப் புத்தியை உள்ளே வைத்திருப்பதே பெரிய பாடாக இருந்தது என்பது வேறு கதை. பிடித்தால் நிற்காத முரட்டுக் குணம் அதற்கு. 2011-இல் '2000 கினீஸ்' என்கிற பெரிய ரேஸில் கதவு திறந்ததும் பிய்த்துக்கொண்டு ஓடி, பாதி வழியிலேயே சுமார் 15 நீளம் முன்னால் போய்விட்டது. மற்றவர்கள் டிவியில் பார்த்திருக்கலாம். கடைசியில் 6 நீளத்தில் வெற்றி. அதை நிதானப்படுத்த செசில் காட்டிய பொறுமையைப் பற்றி ஒரு தனி வீடியோவே போடலாம். அவர் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2013-இல் காலமானார்.

[திரையில்: இரண்டாவது வந்த குதிரை]

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்த அரை நீளத்தில் தோற்றது யார்?

அதன் பெயர் நதானியேல். அதற்கும் அன்றுதான் முதல் ரேஸ். மூன்றாவது வந்த குதிரை இந்த இரண்டுக்கும் ஐந்து நீளம் பின்னால். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு நதானியேல் வெறும் ஒரு பெயர். ஆனால் 2011-இல் நதானியேல் கிங் ஜார்ஜ் ரேஸை ஜெயித்தது, 2012-இல் எக்லிப்ஸை ஜெயித்தது. இரண்டும் இங்கிலாந்தின் உச்ச ரேஸ்கள். அதாவது 2010 ஆகஸ்டில் ஃபிராங்கெல் அரை நீளத்தில் வென்றது ஏதோ ஒரு குட்டியை இல்லை, பின்னாளின் ஒரு சாம்பியனை. இது தெரிந்ததும் அந்த அரை நீளம் எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள். ஓட்டம் மாறவில்லை, வீடியோ அதே வீடியோதான். ஒரு வருடம் கழித்து அதன் மதிப்பு ஏறிவிட்டது.

இதோடு முடியவில்லை. ஃபிராங்கெலின் சொந்தக்காரர் காலித் அப்துல்லா என்ன செய்தார்? ஓய்வு பெற்ற நதானியேலோடு தன் பெண்குதிரை ஒன்றை இணை சேர்த்தார். 2014-இல் ஒரு குட்டி பிறந்தது. பெயர் எனேபிள். பிரான்சின் ஆர்க் ரேஸை 2017, 2018 என்று இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தது. தன் குதிரை தோற்கடித்த குதிரையின் மகளை வைத்தே உலகத்தை ஜெயித்த மனுஷன்! கண்ணு, இதுக்குப் பேர்தான் யாவாரம் என்பார்கள் நம்ம பெரியவர்கள்.

ஆகவே ஒரு குட்டி முதல் ரேஸில் பிரமாதமாக ஜெயித்தது என்று செய்தி வந்தால், அந்தக் குட்டியை மட்டும் பின்தொடராதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வந்தவை அடுத்த ரேஸ்களில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அவை வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தால் முதலாவது குட்டி நிஜம். அவை வரிசையாகத் தோற்றால், பத்து நீள வெற்றியும் பஞ்சுமிட்டாய்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தவை எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஜஸ்டிஃபை 2018 பிப்ரவரி 18 அன்று முதல் ரேஸை ஒன்பதரை நீளத்தில் ஜெயித்து, 111 நாள் கழித்து, மூன்று பெரிய ரேஸையும் ஒரே வருடத்தில் ஜெயிக்கிற டிரிபிள் கிரவுனையே முடித்தது. ஃபிளைட்லைன் 2021-இல் முதல் ரேஸிலேயே 13 நீளத்துக்கு மேல். அதுவும் கடைசிவரை தோற்கவில்லை. மறுபக்கம் செக்ரடேரியட். 1972-இல் முதல் ரேஸ், ஆரம்பத்திலேயே இடிபட்டு நாலாவது வந்தது. அடுத்த வருடம் பெல்மாண்ட் ரேஸை 31 நீளத்தில் ஜெயித்தது, 2 நிமிடம் 24 விநாடி. அந்த நேரத்தை அந்த ரேஸில் இன்றுவரை எந்தக் குதிரையும் தொடவில்லை. முதல் ரேஸை வைத்து ஜாதகம் எழுத முடியாது.

"ஏனுங்க, இதெல்லாம் சூதாட்டம்தானே?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வரி. 1996-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும். நமக்கும் அது இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், பணத்தைப் பையிலேயே வையுங்கள். ஊட்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தையும் கிண்டி நிலத்தையும் 2024-இல் அரசு எடுத்துக்கொண்டது. கோவை ரேஸ்கோர்ஸில் இன்று சுற்றுவது நாம் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்னதால்.

அடுத்த வீடியோ அந்தியூர். ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு வரும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளில் ஆட்கள் எதைப் பார்த்து விலை பேசுகிறார்கள், சுழி பார்ப்பதில் எவ்வளவு சாரம், எவ்வளவு கதை என்று பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால் ரேக்ளா வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி. புது ஜோடியை முதல் தடவை களத்தில் விடும்போது, விநாடியைத் தவிர வேறு எதைப் பார்ப்பீர்கள்? காதையா, வாலையா, ஓடி முடித்து நிற்கிற விதத்தையா? கருத்தில் எழுதுங்கள், நல்லதாகப் பத்தை எடுத்து வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்டு மட்டும் தயவுசெய்து மெசேஜ் போடாதீர்கள். தெரிந்திருந்தால் நான் ஏனுங்க வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறேன்?